பொன்னாடையும் மூன்று ஊசிகளும்

பாராட்டு விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதித் தரும்படி மருத்துவமனையில் கேட்டபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். வட மாவட்டம் ஒன்றில், வட்ட அளவிலான ஓர் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து சுற்றுக் கிராமங்களில் வேலை செய்கிறோம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டவர்களைத் தேடிப் போவது, கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைத்து வருவது, முகாமுக்கு இடம் பார்ப்பது, இப்படி. நால்வரில் மூன்று பேர் காலனிப் பிள்ளைகள். ஒருவரின் அம்மா பேரூராட்சியில் இருபது வருடம் குப்பை அள்ளியவர். சமூகவியல், சமூகப்பணி என்று ஆளுக்கொரு முதுகலைப் பட்டமும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்வது எங்களைப் பற்றிப் பெருமை பேச அல்ல. இத்தனையும் இருந்தும் எதைப் பார்க்கத் தவறினோம் என்று சொல்வதற்காக.

அந்த வருடம் மருத்துவமனைக்குக் காயகல்ப் சான்றிதழ் கிடைத்திருந்தது. தெரியாதவர்களுக்காக: இது 2015-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம். அரசு மருத்துவமனைகளின் சுத்தம், கழிவு அகற்றுதல், நோய்த்தொற்றுத் தடுப்பு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பரிசுத் தொகையும் சான்றிதழும் தருகிறார்கள். பச்சையாகச் சொன்னால், ஒரு மருத்துவமனை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருப்பதற்குக் கிடைக்கும் பரிசு. பெருக்கித் துடைத்தது யார் என்று அந்தச் சான்றிதழில் இருக்காது.

அதனால்தான் பட்டியலில் முதல் பெயராக டாக்டர் யாரையும் எழுதவில்லை. பிரசவ வார்டில் 14 வருடமாக வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரின் பெயரை எழுதினோம். (தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இங்கும் அவர் அக்காதான்.) டாக்டர்களுக்கு ஜூலை 1 இருக்கிறது, செவிலியர்களுக்கு மே 12 இருக்கிறது, ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் அள்ளுகிறவருக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு நாளும் கிடையாது, அதை உடைக்கப்போகிறோம் என்றெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதே உற்சாகத்தில் டீ வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனோம்.

வார்டுக்குப் பின்னால் மஞ்சள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கட்டிக்கொண்டிருந்த பையை முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் பேசினார்.

"பொன்னாடை எல்லாம் எதுக்கு தம்பி? எனக்கு அந்த ஊசியைப் போடச் சொல்லு. போன வருஷத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எந்த ஊசிக்கா?"

"மஞ்சக்காமாலை வராம இருக்கப் போடுவாங்களாமே. நர்சம்மாங்க எல்லாம் போட்டுக்கிட்டாங்க. எங்களுக்கு மட்டும் இல்லையாம்."

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. முந்தைய வருடம் ஓர் இரவில் அடுத்தடுத்து இரண்டு பிரசவம். ரத்தத்தில் ஊறிய துணி மூட்டையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி கட்டைவிரலில் ஏறியிருக்கிறது. கையுறை போட்டிருந்தார். ஆனால் அது இட்லிக் கடையில் பார்சல் கட்டுகிறவர்கள் போடும் மெல்லிசு பிளாஸ்டிக். விரலை அழுத்திப் பிழிந்தார், டெட்டால் ஊற்றிக் கழுவினார், துணி சுற்றிக்கொண்டு மிச்ச மூட்டைகளையும் தூக்கினார். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'பார்த்து எடுக்கத் தெரியாதா' என்று ஏச்சு விழும், மறுநாள் வார்டு மாற்றிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து, தன் காசில் வெளி லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. "அந்த ஒரு மாசமும் வெரலைப் பாத்துப் பாத்துத் தூக்கமே வரல தம்பி. வீட்டுக்காரர் கிட்டகூடச் சொல்லல."

இதைக் கேட்டபோது எங்களுக்கு உறைத்தது அந்த ஊசி மட்டுமில்லை. இதே அக்காவுக்கு நாங்கள் இரண்டு முறை பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறோம். மஞ்சள் பையில் என்ன போட வேண்டும், சிவப்புப் பையில் என்ன, ஊசிகளுக்கான வெள்ளைப் பெட்டி எது, கண்ணாடிக் குப்பிகளுக்கான நீலப் பெட்டி எது என்று படம் போட்டுக் காட்டினோம். கைகழுவும் முறையை எல்லோரையும் செய்யச் சொல்லிப் போட்டோ எடுத்தோம். 'பயிற்சி பெற்றோர்: 31' என்று அறிக்கையில் எழுதினோம். அந்த 31 பேரில் ஒருவரிடமாவது 'உங்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா' என்று கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் பாடம் எடுத்த அதே விதிகளிலேயே அது இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்கின்றன. வேலையில் சேரும்போதும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும், தகுந்த பாதுகாப்புக் கவசம் தர வேண்டும் என்கின்றன. இந்தக் கடமை மருத்துவமனையை நிர்வகிப்பவருடையது. 'தன் பணியாளர்களும், கழிவைக் கையாளும் மற்றவர்களும்' என்ற பொருளில்தான் விதி பேசுகிறது. ஆகவே சம்பளம் யார் கொடுக்கிறார் என்ற கேள்வியே அங்கே எழாது. போதாததற்கு 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்தத் தடுப்பூசி உண்டு.

மூன்று ஊசி. முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அவ்வளவுதான். எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ, அந்த நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால், நூற்றில் ஆறிலிருந்து முப்பது வரை. நாம் எல்லோரும் பயப்படுவது முதலாவதற்கு. ஆளைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவது. எச்.ஐ.வி.க்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. ஊசி குத்தியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை அதே மருத்துவமனையில், அக்கா தினமும் துடைக்கும் வராண்டாவின் கடைசி அறையில் இருந்தது. அவருக்குச் சொல்ல ஆளில்லை.

(கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் ஒரு வேலை. உங்கள் ஊர் ஜி.எச்.சுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். துடைப்பம் வைத்திருக்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ பேச்சுக் கொடுங்கள். தடுப்பூசி அட்டை இருக்கிறதா, சம்பளச் சீட்டு வருகிறதா, பி.எஃப். எண் தெரியுமா என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள்.)

மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டோம். "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே, கம்பெனி ஆளுங்க. கம்பெனிதான் போடணும்." ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசரிடம் கேட்டோம். "ஊசி ஆஸ்பத்திரியில இருக்கு. எங்ககிட்ட ஆள் சப்ளை மட்டும்தான் சார்." ஆள் சப்ளை. பந்தலுக்கு நாற்காலி சப்ளை செய்கிறவர் சொல்வதுபோலவே சொன்னார். கெட்ட மனிதரில்லை அவர். அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்று பிற்பாடு தெரிந்தது.

முதுகலையில் நான்சி ஃப்ரேசர் படித்திருக்கிறோம். அங்கீகாரமா, மறுபங்கீடா என்று ஒரு விவாதம். தேர்வில் அதற்குப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். பொன்னாடை வேண்டாம், ஊசி போடு என்று அக்கா சொன்னதும் அதே விவாதம்தான் என்று பிடிபட எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அக்காவோடு பேசப் பேச இன்னொன்றும் வெளியே வந்தது. அவர் குடியிருக்கும் காலனிக்கு நாங்கள் ஏற்கெனவே மருத்துவ முகாம் நடத்தியிருக்கிறோம். நடத்தியதாக எழுதியிருக்கிறோம் என்று சொல்வதுதான் சரி. ஊராட்சித் தலைவர் காட்டிய இடம் கோயில் மண்டபம். மின்விசிறி இருந்தது, கழிப்பறை இருந்தது, நாற்காலி இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று எல்லாம் வைத்தோம். நல்ல கூட்டம். அந்த முகாம் பதிவேட்டை மறுபடி எடுத்து, பெயர்களை அக்காவிடம் வாசித்துக் காட்டினோம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு பெயர்தான் அவர் தெருக்காரர்கள். அவர்களும் பக்கத்து டவுனில் வேலை பார்க்கும் இளசுகள்.

காலனிக்குப் போய்க் கேட்டோம். ஏன் வரவில்லை? பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "கோயில் மண்டபத்துல வெச்சுக்கிட்டு ஏன் வரலன்னு கேக்குறீங்களே. நீங்கள்லாம் எந்த ஊருப் புள்ளைங்க?"

எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் சொந்தக் கிராமத்தில் கோயில் மண்டபத்தில் எதை வைத்தாலும் எங்கள் பாட்டிகள் போயிருக்கமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மின்விசிறி இருக்கிறதா, பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் அது மறந்துபோய்விட்டது. முகாமுக்கான இலக்கு எண்ணிக்கை வந்துவிட்டால் போதும், எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

வீடு தேடிப் போகும் திட்டங்களிலும் இந்தக் கோடு மறைந்துவிடுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. உண்மையிலேயே நல்ல திட்டம். சர்க்கரை மாத்திரைக்காகப் பேருந்து ஏறி வந்து அரை நாள் கூலியை இழந்தவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நாங்கள் போகும் ஒரு கிராமத்தில் தன்னார்வலராக இருக்கும் தங்கை காலனியிலிருந்து வந்தவர். ஊர்த் தெருவில் ஒரு வீட்டில் மாத்திரை அட்டையை வாங்கிக்கொள்வார்கள், அதில் சிக்கல் இல்லை. ரத்த அழுத்தம் பார்ப்பதில்தான் சிக்கல். பட்டையைக் கையில் சுற்றிக் கட்ட வேண்டும், கட்டினால் தொட வேண்டும். "மெஷினைத் திண்ணையில வெச்சுடு, என் மருமக கட்டி விடுவா, நீ நம்பரை மட்டும் எழுதிக்க" என்று அந்தப் பாட்டி சொல்லியிருக்கிறார். தங்கை வாசலில் நின்றபடி எண்ணை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், ஒரு மாதமல்ல, மாதாமாதம். பதிவேட்டில் அந்த வீட்டின் எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. வாசலில் நின்று எழுதிய எண் என்று குறிக்க அதில் கட்டம் இல்லை.

அடுத்த முகாமைக் காலனி நூலகக் கட்டடத்தில் வைத்தோம். ஓடு ஒழுகும், மின்விசிறி கிடையாது. காலனிப் பெண்கள் வந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்து கண் பரிசோதனைக்கு மூன்று பேர் வந்தார்கள், கண்ணாடி இலவசம் என்பதால். அதுவும் நல்லதுதான்.

இதற்கிடையில் பாராட்டு விழா வந்துவிட்டது.

வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாலும் பட்டியல் மேலே போய்விட்டது. விழாவில் டாக்டர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, பட்டம் சொல்லி, துறை சொல்லி அழைத்தார்கள். செவிலியர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பிறகு, "தூய்மைப் பணியாளர்கள் சார்பில் ஒருவர் வந்து பொன்னாடையைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் பெயர் எழுதித்தான் கொடுத்திருந்தோம். எந்த மேசையில் அது 'சார்பில் ஒருவர்' ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை. அக்கா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட்டுத்தான் மேடைக்குப் போனார். சான்றிதழிலும் அதே வாசகம்: தூய்மைப் பணியாளர்கள் சார்பில். விழா முடிந்ததும் தண்ணீர் பாட்டில்களையும் மாலை உதிரிகளையும் யார் கூட்டியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது இந்த ஒரு மருத்துவமனையின் பழக்கம் இல்லை. 2020 மார்ச் 22 அன்று நாடே கை தட்டியது. மே 3 அன்று மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். அதே வருடம் தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. அதற்கு முந்தைய வருடம் கும்பமேளாவில் தூய்மைப் பணியாளர்களின் கால்களைப் பிரதமரே கழுவினார். 2022 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு உலக அளவிலான விருது கொடுத்தது. சுமார் பத்து லட்சம் பெண்கள். விருதுக்குப் பிறகும் அவர்கள் கணக்கில் தன்னார்வலர்கள்தான், வாங்குவது ஊக்கத்தொகைதான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். தனியாரிடம் விடாதே, பணி நிரந்தரம் செய் என்பது அவர்கள் கோரிக்கை. நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அவர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். ஏப்ரல் 14 அன்று நாம் மாலை போடும் சிலைக்குள் அந்தத் தொழிலாளர் துறை மனிதரும் இருக்கிறார். வேலை நேரம், காப்பீடு, பணிப் பாதுகாப்பு என்று எழுத்தில் கேட்டவர். நமது கூட்டங்களில் அவரைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். இது எங்கள் ஆதங்கம்.

விழாவுக்கு அடுத்த வாரம் ஒரு பக்க மனு எழுதினோம். முழக்கம் எதுவும் இல்லை. 2016 விதி, 2018 திட்டம், 31 பெயர்கள், கீழே 31 கையெழுத்துகளும் கைநாட்டுகளும். தலைமை மருத்துவர், மாவட்ட இணை இயக்குநர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் என மூன்று பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் கடிதம் வரவில்லை. ஆனால் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "மருந்து வந்திருக்கு. எல்லாரையும் ரெண்டு ரெண்டு பேரா அனுப்பு, வார்டு காலியாகக் கூடாது" என்றார். அவரும் பேசியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். 31 பேருக்கும் முதல் ஊசி போடப்பட்டது. அக்கா ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல, இதுக்கா இத்தனை நாளு" என்றார். ஒரு மாதம் கழித்து இரண்டாவதும் போட்டார்கள். தடுப்பூசி அட்டையில் ஒவ்வொருவரின் பெயரும் இருந்தது. சார்பில் என்று இல்லை.

மூன்றாவது ஊசிக்கு முன்னால் டெண்டர் மாறியது.

புதிய நிறுவனம் 22 பேரை எடுத்துக்கொண்டது. ஒன்பது பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வயது காரணமாம். ஒன்பதில் ஒருவர் அக்கா. 14 வருடம் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளச் சீட்டு ஒருநாளும் கொடுக்கப்படவில்லை, வருகைப் பதிவேடு பழைய நிறுவனத்தோடு போய்விட்டது. வீட்டில் இருந்த ஒரே காகிதம் அந்தப் பாராட்டுச் சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதிய சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறார். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுல உங்க பேரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாராம்.

இதை அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. மேடையில் பெயர் மாறியபோதே எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். விழா கெட்டுவிடக்கூடாது, மருத்துவமனையோடு உறவு கெட்டுவிடக்கூடாது, முகாம் நடத்த விடமாட்டார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது ஒன்பது பேர் சார்பாகவும் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். வருகைப் பதிவேடு இல்லை என்றால் வேறு எதை ஆதாரமாக வைப்பது என்று தேடியபோது, பயனாக இருந்தவை தடுப்பூசி அட்டைகளும் நாங்கள் எடுத்த பயிற்சிப் படங்களும்தான். கைகழுவிக் காட்டிய அந்தப் போட்டோக்களில் தேதி இருக்கிறது, சீருடை இருக்கிறது, பின்னால் மருத்துவமனையின் பெயர்ப் பலகை இருக்கிறது. முதல் விசாரணைக்குப் பழைய நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஊசியை வேலையில் இருக்கும் 22 பேருக்கும் போட்டுவிட்டார்கள். மற்ற ஒன்பது பேருக்கும் போட வேண்டும் என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டோம். "வேலையில இல்லாதவங்களை எந்தக் கணக்குல எழுதுறது?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "சரி, கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்காவோடு சேர்த்து ஏழு பேர் வந்து போட்டுக்கொண்டார்கள். ஒருவர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவரின் போன் நம்பர் மாறிவிட்டது. மகளைக் கொடுத்த ஊர் தெரியும், தெரு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் விசாரிக்கப்போகிறோம். அவருடைய அட்டை எங்களிடம்தான் இருக்கிறது.